கூலித் தொழிலாளர்கள் புகைப்பழக்கத்தைக் கைவிட உதவுவது எப்படி? களப்பணிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புகைபிடிப்பவருக்கு அறிவுரை சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மனைவி சொல்கிறார், மகள் சொல்கிறாள், மருத்துவர் சொல்கிறார், பீடிக்கட்டின் மேலுள்ள படமும் தன் பங்குக்குச் சொல்கிறது. விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் வந்த பிறகு கூடவே இருந்து நான்கு வாரம் கைகொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. வசதியுள்ளவர் பணம் கொடுத்து ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்துக்கொள்வார். அன்றாடக் கூலிக்குப் போகும் கொத்தனாருக்கும் சுமைதூக்கும் தொழிலாளிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அந்த வாய்ப்பு அரிது. அந்த இடைவெளியை நிரப்ப முன்வரும் தன்னார்வலர்கள், சுகாதாரப் பணியாளர்கள், தொழிற்சங்கத்தினர், தொண்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

தொடங்கும் முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவது நல்லது. ஏழைத் தொழிலாளிக்குப் பழக்கத்தை விடும் ஆசை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2016-17இல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின் இந்தியக் கணக்குப்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.7 விழுக்காட்டினர் புகைபிடிக்கிறார்கள். சிகரெட் பிடிப்பவர்களைவிடப் பீடி குடிப்பவர்களே அதிகம். அந்த ஆய்வில் புகைபிடிப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் விடும் எண்ணம் உள்ளதாகவே சொன்னார்கள். ஆனால் முந்தைய ஓராண்டில் விட முயன்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் மருந்தோ ஆலோசனையோ எதுவுமின்றித் தனியாகவே முயன்றிருந்தார்கள். தனியாக முயல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சில நாட்களிலேயே திரும்பிவிடுகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், நாம் செய்ய வேண்டிய வேலை எதுவென்று விளங்கிவிடும்.

இங்கிலாந்தில் 1999இல் அரசு தொடங்கிய புகைநிறுத்த உதவி மையங்கள் முதலில் வறிய பகுதிகளில்தான் திறக்கப்பட்டன. ஏழைகள் அங்கே நன்றாகவே வந்தார்கள். ஆனால் நான்கு வாரத்தின் முடிவில் விட்டிருந்தவர்களின் விகிதம், வசதியுள்ளவர்களைவிட அவர்களிடம் குறைவாக இருந்தது. நிகோடின் சார்பு (புகையிலையில் உள்ள நிகோடினுக்கு உடல் அடிமைப்பட்டிருப்பது) கூடுதலாக இருந்ததும், வீட்டிலும் வேலையிடத்திலும் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் புகைத்ததும், வாழ்க்கை நெருக்கடி ஓயாததும் இதற்குக் காரணங்கள். ஆகவே, அவர்கள் இருக்குமிடத்துக்கே போக வேண்டும் என்பது பாதி வேலைதான். போன பிறகு விடாமல் தொடர்வதற்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி செலவாகும்.

முதல் படி: இடத்தையும் வேளையையும் அறிதல்

காலை ஆறரை மணிக்குக் கூலிக்கு ஆள் எடுக்கும் சந்திப்பில் நின்றுகொண்டு புகையின் தீமைகளைப் பேசினால் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்களது கண் முழுவதும் மேஸ்திரியின் வண்டி மேல் இருக்கும். உங்களோடு பேசி நின்றதால் அன்றைய வேலை தவறிப்போனால் அந்த இழப்பை நீங்கள் ஈடுகட்டப் போவதில்லை. மதிய உணவு இடைவேளை, மாலையில் கூலி பெற்றுத் திரும்பும் நேரம், ஞாயிறு முற்பகல் ஆகியவை ஏற்ற வேளைகள். காசநோய்ச் சிகிச்சைக்கு மாத்திரை வாங்க வரும் நாள், இரத்த அழுத்தம் பார்க்கும் முகாம், நலவாரியப் பதிவுக்கு வரிசையில் நிற்கும் நேரம் போன்றவையும் நன்றாகப் பயன்படும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களோடு சேர்ந்து போகக் கேட்டால், தெருவில் யார் யார் புகைக்கிறார்கள் என்ற விவரம் ஒரே நாளில் கிடைத்துவிடும்.

அதோடு, அந்தப் பகுதியின் பெட்டிக்கடை ஒன்றில் அரைமணி நேரம் நின்று கவனியுங்கள். கடையின் ஓரத்தில் தீ கனன்றபடி தொங்கும் கயிற்றை நோக்கி யார் எப்போது குனிகிறார்கள், டீயை வாங்கிய கையோடு வாங்குகிறார்களா, சாப்பிட்ட பிறகா, ஒற்றையாக வாங்குகிறார்களா, கட்டாக வாங்குகிறார்களா, கடன் எழுதுகிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். கேள்வித்தாளில் கிடைக்காத பல விவரங்கள் இப்படித்தான் கிடைக்கின்றன.

இரண்டாம் படி: முதல் பேச்சு

முதல் பேச்சு இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். புகைக்கிறாரா என்று கேட்பது, விடுவதுதான் உடலுக்கு நல்லது என்று ஒரே வாக்கியத்தில் சொல்வது, விட உதவி உண்டு என்று தெரிவிப்பது ஆகிய மூன்றும் போதும். இவற்றில் மூன்றாவதே முக்கியமானது. உடல் கெட்டுவிடும் என்று எச்சரிப்பதைவிட, உதவி இருக்கிறது என்று நேரடியாகச் சொல்வதே கூடுதலானவர்களை முயற்சியில் இறங்கச் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, “விடத் தயாரா?” என்று கேட்டு, தயார் என்பவரை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், எல்லோரிடமும் உதவியை முன்வையுங்கள்.

“அண்ணே, நீங்க பீடி குடிக்கிறதப் பார்த்தேன். எப்பவாச்சும் விட்டுப் பார்த்திருக்கீங்களா?” என்று தொடங்கலாம். “அதெல்லாம் எத்தனையோ தடவ விட்டாச்சு தம்பி” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது சலிப்பில் சொன்ன பதில் என்றாலும், உங்களுக்குக் கிடைத்த நல்ல பிடிமானம் அதுவே. “அப்போ எத்தன நாள் தாக்குப்பிடிச்சீங்க? எதனால திரும்பத் தொட்டீங்க?” என்று கேளுங்கள். மூன்று நாள் என்றாலும் முப்பது நாள் என்றாலும், அவரால் முடிந்த ஒன்றைப் பற்றிய பேச்சாக அது மாறிவிடும். “இந்தத் தடவ தனியா வேணாம்ணே, நான் கூட இருக்கேன்” என்று சொல்லி, அடுத்து எப்போது சந்திக்கலாம் என்று கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அழுகிய தொண்டைப் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போவதை நான் ஆதரிப்பதில்லை. 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பொருட்களின் உறையில் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைதான் நிரப்புகிறது. அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டே பிரிப்பவருக்கு இன்னொரு படம் எதையும் புதிதாகச் சொல்லிவிடாது. உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 அன்று வரிசையாக நிற்கவைத்து உறுதிமொழி எடுக்கச் செய்து, படம் பிடித்துக்கொண்டு போவதும் அப்படித்தான். ஜூன் 1 அன்று அந்த மனிதருக்கு யார் தொலைபேசியில் பேசுகிறார்கள் என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

மூன்றாம் படி: சார்பின் அளவை அறிதல்

இரண்டாம் சந்திப்பில் கால்மணி நேரம் ஒதுக்கி, சில விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவர் என்று அவரே சொல்லும் நிலையை உருவாக்காமல், தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் வாய்மொழியாகவே கேளுங்கள்.

தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடியோ சிகரெட்டோ பற்றவைக்கிறார் என்பதே முதன்மையான கேள்வி. அரைமணிக்குள் என்றால் சார்பு கடுமையானது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மருந்து இல்லாமல் விடுவது மிகவும் சிரமம். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். ஒரு கட்டு எத்தனை நாள் வரும், நண்பர்களிடம் வாங்கிக் குடிப்பது எவ்வளவு என்று கேட்டால் கணக்கு நெருங்கி வரும். ஹான்ஸ், கூல் லிப் போன்ற வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலங்கள், வெற்றிலையோடு புகையிலை ஆகியவை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பீடியை விட்ட வாரத்தில் புகையிலைப் பொட்டலத்துக்கு மாறுபவர்கள் பலர். அவர்களுக்கு நிகோடின் சார்பு அப்படியே தொடர்வதோடு, வாய்ப்புற்றுக்கான வழியும் திறந்தே இருக்கிறது. மது அருந்துவது, வலிப்பு, நெஞ்சுவலி, வயிற்றுப்புண், மனநலச் சிகிச்சை, இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றின் பயன் பின்னால் தெரியும்.

இந்தக் கட்டத்தில் “சிகரெட்டுன்னாத்தான் கெடுதல், இது வெறும் பீடிதானே” என்ற பேச்சு எழும். பீடி சிறியது என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் இலை காற்றைச் சிகரெட் தாள்போல ஊடுருவவிடாததால், இழுக்காமல் வைத்திருந்தால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருப்பதால், புகையும் நஞ்சும் நுரையீரலுக்குள் குறையாமல் போகின்றன. பீடி அணைந்து மறுபடி பற்றவைத்த அனுபவம் அவருக்கே நிறைய இருக்கும் என்பதால், இதைச் சொன்னதும் புரிந்துகொள்வார்.

பணக்கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 40 ரூபாய் என்றால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,600. இந்தத் தொகையைக் கேட்டு ஒரு நிமிடம் திகைப்பார். ஆனால் அந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிட்டால் திகைப்பும் போய்விடும். விடும் நாளிலிருந்து அந்த 40 ரூபாயை அன்றன்றே வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைப்பது, மனைவியின் மகளிர் சுயஉதவிக் குழுச் சேமிப்பில் சேர்ப்பது, உண்டியலில் போடுவது என்று ஏதாவது ஓர் ஏற்பாட்டை முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: நாள் குறித்தல்

“கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிறேன்” என்பதே பெரும்பாலானோரின் முதல் திட்டம். இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினரும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 விழுக்காட்டினரும் நான்காம் வார முடிவில் புகைக்காமல் இருந்தார்கள். ஆகவே ஒரு நாளைக் குறித்து, அன்று முதல் ஓர் இழுப்பும் இல்லை என்ற ஏற்பாட்டையே முன்வையுங்கள். அதை ஏற்கவே மாட்டேன் என்பவரை விட்டுவிடாமல், எப்போது முழுவதுமாக நிறுத்துவார் என்பதற்காவது ஒரு நாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் ஒன்றிரண்டு வாரத்துக்குள் இருப்பது நல்லது. கட்டட வேலைக்குச் சனிக்கிழமை கூலி கைக்கு வரும் இடங்களில், அன்று மாலை மதுக்கடைப் பக்கம் போகிறவர் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் அந்த முயற்சி அன்றிரவே முடிந்துவிடும். திங்களோ செவ்வாயோ பொருத்தமாக இருக்கும்.

நம் மக்களிடம் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் பீடியைத் தொடுவதில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரும், தவக்காலத்தில் ஒறுத்தல் இருப்பவரும், ரமலானில் நோன்பிருப்பவரும் தங்கள் கட்டுப்பாட்டைத் தாங்களே காத்துக்கொள்கிறார்கள். மாலை போட்ட காலத்தில் அவரைச் சுற்றியுள்ள எல்லோரும், டீக்கடைக்காரர் உட்பட, “சாமி” என்று அழைத்து ஒதுங்கி நிற்கிறார்கள். பீடியை நீட்டுவதற்கு யாருக்கும் மனம் வராது. உடலில் நிகோடின் இல்லாமல் போனதால் ஏற்படும் தொல்லைகள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெருமளவு அடங்கிவிடுவதால், மலையேறி இறங்கும்போது உடலளவில் அவர் ஏறத்தாழ விடுபட்டவர்தான். சிக்கல் மாலையைக் கழற்றும் அன்று தொடங்குகிறது. நண்பர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். நீங்கள் அவரைச் சந்திக்க வேண்டிய நாட்கள், மாலையைக் கழற்றுவதற்கு முந்தைய நாளும் கழற்றிய பிறகு வரும் பத்து நாட்களும்தான். “41 நாள் இருந்துட்டீங்க சாமி, இனிமே புதுசா விட வேண்டியதில்ல, திரும்பத் தொடங்காம இருந்தாப் போதும்” என்று சொன்னால், அந்தப் பேச்சை அவர் ஏற்றுக்கொள்வார். நம் நாட்டில் இதைவிடச் செலவில்லாத வாய்ப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அப்படியிருந்தும் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: மருந்து

சார்பு கடுமையாக உள்ளவருக்கு மனவுறுதியை மட்டும் நம்பச் சொல்வது நியாயமாகாது. நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை ஆகியவை உடலுக்கு வேண்டிய நிகோடினைப் புகையில்லாமல் குறைந்த அளவில் தந்து, சில வாரங்களில் படிப்படியாக நிறுத்த உதவுகின்றன. புற்றுநோயை உண்டாக்குவது புகையிலும் புகையிலையிலும் உள்ள வேறு நஞ்சுகள். மருந்தாகக் கொடுக்கப்படும் நிகோடினால் புற்றுநோய் வருவதில்லை. “பீடிய விட்டுட்டு இதுக்கு அடிமையாயிருவேனா?” என்ற அச்சம் இருப்பவருக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். நிகோடின் மாற்று மருந்துகள் 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. 2 மி.கி. சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும், 4 மி.கி. சூயிங்கத்துக்கு மருத்துவர் சீட்டு தேவை. எழுந்த அரைமணிக்குள் புகைப்பவருக்கு 4 மி.கி. ஏற்றது, அதற்குப் பின் புகைப்பவருக்கு 2 மி.கி. போதும் என்பது பொதுவான அளவுகோல். பட்டையோடு சூயிங்கமும் சேர்ந்தால் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் கூடும்.

விலை ஒரு தடை. பீடியோடு ஒப்பிட்டால் சூயிங்கம் அதிகச் செலவு பிடிக்கும். மூன்று மாதத்துக்குக் கைக்காசில் வாங்கு என்று கூலித் தொழிலாளியிடம் சொல்வதும் ஒன்றுதான், சும்மா இருப்பதும் ஒன்றுதான். ஆகவே யாரையும் சந்திப்பதற்கு முன்பே, உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் புகையிலை நிறுத்த மையத்துக்கு நேரில் போய், எந்தெந்த நாளில் ஆலோசகர் இருக்கிறார், சூயிங்கம் இருப்பில் உள்ளதா, ஒரு முறைக்கு எத்தனை நாளுக்குத் தருகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். இருப்பு இல்லாத இடத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார். இருப்பில்லை என்றால் முதல் இரண்டு வாரத்துக்காவது உங்கள் அமைப்போ சங்கமோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள்.

சூயிங்கத்தை வாயில் போடும் முறையை உங்கள் முன்னாலேயே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். வெற்றிலையும் பாக்கும் மென்று பழகியவர்கள் இதையும் அப்படியே மென்று தள்ளிவிடுவார்கள். அப்போது நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் நெஞ்செரிச்சலும் விக்கலும் குமட்டலும் வரும். “இது எனக்கு ஒத்துக்கல” என்று அன்றே தூக்கிப் போட்டுவிடுவார். காரமான சுவை வரும்வரை மெதுவாக மெல்ல வேண்டும். வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி சிலமுறை மென்று, வேறொரு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒன்றை இப்படி அரைமணி நேரம் வைத்திருக்கலாம். வாயில் போடுவதற்குக் கால்மணி முன்பிருந்து, அது வாயில் இருக்கும் நேரம் முழுவதும் டீ, காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் எதுவும் கூடாது. அவை நிகோடின் உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடும். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு ஒன்று என்று எடுத்து, பிறகு இடைவெளியைக் கூட்டி, மொத்தம் 12 வாரத்தில் நிறுத்துவது வழக்கமான முறை. ஆசை கிளம்பிய பிறகு ஒன்றைப் போடுவதைவிட, கிளம்பும் முன்பே நேரப்படி போடுவது நல்லது. குறைவாகப் பயன்படுத்துவதால்தான் பெரும்பாலும் பலனில்லாமல் போகிறது.

அண்மையில் மாரடைப்பு வந்தவர், கர்ப்பிணி, வயிற்றுப்புண் உள்ளவர் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் புப்ரோபியான், வரெனிக்ளின் ஆகிய மாத்திரைகள் மருத்துவர் மட்டுமே எழுதித்தர வேண்டியவை. வலிப்பு வந்தவருக்குப் புப்ரோபியான் ஆகாது. இங்கிலாந்தில் செய்வதுபோல மின்சிகரெட்டுக்கு மாற்றும் வழி நமக்கு இல்லை; 2019 முதல் இந்தியாவில் அதன் விற்பனைக்குத் தடை உள்ளது.

ஆறாம் படி: முதல் நான்கு வாரம்

விட்ட சில மணி நேரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, கவனக்குறைவு, பசி, மனச்சோர்வு ஆகியவை தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைகின்றன. அதனால் உங்கள் தொடர்பும் அதற்கேற்ப அமைய வேண்டும். விட்ட நாள் மாலையில் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, ஏழாம் நாள் நேரில், பிறகு நான்காம் வாரம் வரை வாரந்தோறும் ஒருமுறை என்பது குறைந்தபட்சம். வீட்டில் ஒரே கைபேசி இருந்து அது மகனிடம் இருக்கலாம். மாத நடுவில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கலாம். எந்த நேரத்தில் எந்த எண்ணில் அழைத்தால் அவரே எடுப்பார் என்று முன்பே கேட்டு வையுங்கள். அவர் புகைப்பது வீட்டாருக்குத் தெரியாது என்றால், நீங்கள் யார் என்று மற்றவரிடம் சொல்லாதீர்கள்.

1800-11-2356 என்ற, புகையிலையைக் கைவிட உதவும் தேசிய இலவச எண் எல்லாப் புகையிலை உறைகளிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் அதை அழைத்தவர்கள் குறைவு. டெல்லியில் 2016இல் தொடங்கிய இந்தச் சேவையில், தமிழில் பேசுவதற்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும், திங்கள் விடுமுறை. முதல் அழைப்பை நீங்கள் பக்கத்தில் இருந்து செய்து கொடுங்கள். எந்த எண்ணை அழுத்தினால் தமிழ் என்பதில் தொடங்கி, ஆலோசகர் கேட்கும் கேள்விகள் வரை எல்லாமே முதன்முறை பேசுபவருக்குத் தயக்கமாக இருக்கும். நாள் குறித்த பிறகு ஆலோசகர்களே திரும்ப அழைப்பார்கள் என்பதால், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கச் சொல்லி வையுங்கள். குறுஞ்செய்தி வழியாக உதவும் அரசுச் சேவைக்கு 011-22901701 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். ஆனால் படிக்கத் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை.

ஆசை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். தள்ளிப்போடுவது, தண்ணீர் குடிப்பது, மூச்சை ஆழமாக இழுத்துவிடுவது, கைக்கு வேறு வேலை கொடுப்பது என்று எல்லாக் கையேடுகளிலும் இருக்கும் பொதுவான வழிகள் வேலை செய்யத்தான் செய்கின்றன. ஆனால் நம் தொழிலாளர்களுக்கே உரிய சில தருணங்களுக்குத் தனியாக ஏற்பாடு வேண்டும்.

அவற்றில் முதலாவதை ஆண்கள் வெட்கப்பட்டுச் சொல்லவே மாட்டார்கள்: “காலையில ஒரு பீடி இழுத்தாத்தான் வெளிக்குப் போகும்.” நிகோடின் குடலைத் தூண்டுவது உண்மையே, விட்ட முதல் வாரங்களில் மலச்சிக்கல் வருவதும் வழக்கமானதே. இந்த ஒரே காரணத்துக்காக நான்காம் நாள் திரும்பிப்போனவர்கள் இருக்கிறார்கள். எழுந்ததும் இரண்டு குவளை வெந்நீர், இரவில் வாழைப்பழம், கீரையும் பயறும், கொஞ்ச நேர நடை ஆகியவற்றை முன்பே சொல்லி வைப்பதோடு, இது சில வாரங்களில் சரியாகிவிடும் என்றும் நீங்களே பேச்சை எடுத்துச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தால் கேட்கமாட்டார்.

இரண்டாவது, டீ. புகை நின்றதும் உடல் காஃபினைக் கழிக்கும் வேகம் குறைகிறது. அதனால் வழக்கமாகக் குடித்த அதே ஆறு டீ இப்போது படபடப்பையும் தூக்கமின்மையையும் கூட்டும். அவரோ அதைப் பீடியில்லாத குறை என்று எண்ணிக்கொள்வார். டீயைப் பாதியாகக் குறைக்கச் சொல்வதும், பெட்டிக்கடையில்லாத வேறொரு டீக்கடைக்குச் சில வாரம் மாறச் சொல்வதும் நல்லது.

மூன்றாவது, வேலையிடத்து ஓய்வு. சாரத்தில் நிற்பவர் பீடிக்கென்று கீழே இறங்கினால் மேஸ்திரி ஒன்றும் சொல்வதில்லை. சும்மா உட்கார்ந்தால் சத்தம் போடுகிறார். ஆகவே பீடியை விடுவது என்பது அவருக்கு ஓய்வையும் விடுவதாக ஆகிவிடுகிறது. மேஸ்திரியிடம் ஒருமுறை நேரில் பேசி, புகைக்காதவருக்கும் ஐந்து நிமிடம் கொடுக்கச் சொல்வது, ஆலோசனையாக நீங்கள் சொல்லும் பத்து விஷயங்களைவிட உதவும். மதுவைப் பொறுத்தவரை, முதல் மாதமாவது தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள்; நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து ஏற்படலாம் என்பதால், அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஏழாம் படி: தவறி ஒன்று பிடித்துவிட்டால்

துக்க வீடு, கல்யாண வீடு, வேலை கிடைக்காத நாள் ஆகிய மூன்றும் அபாயமானவை. ஒன்றைப் பிடித்துவிட்டவர் உங்கள் அழைப்பை எடுக்கத் தயங்குவார். நீங்கள் திட்டுவீர்கள் என்று நினைப்பார். அதனால் முதல் நாளே, “ஒருவேள தவறிட்டீங்கன்னா, எனக்குத்தான் முதல்ல போன் பண்ணணும்” என்று சொல்லி வைக்க வேண்டும். அழைத்தால், எங்கே, யாரோடு, என்ன நேரத்தில் என்று மட்டும் கேட்டு, மீதிக் கட்டைத் தூக்கி எறியச் செய்து, மருந்தைத் தொடரச் சொல்லி, மறுநாளே மீண்டும் பேசுங்கள். முழுவதுமாகத் திரும்பிவிட்டவரைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். நிலையாக விட்டவர்களில் பெரும்பாலோர் பலமுறை முயன்றவர்களே.

சிறப்புக் கவனம் வேண்டியவர்கள்

காசநோயாளிகளிடம் இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த ஆண்களைப் பற்றி நடத்தப்பட்டு 2003இல் வெளியான பெரிய ஆய்வு, புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று கண்டது. இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகை காரணம் என்றும் மதிப்பிட்டது. சிகிச்சை மாதக்கணக்கில் தொடர்வதால், மாத்திரை வாங்க வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பேசினாலே தொடர் உதவி கிடைத்துவிடும்.

மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களிடம், “பாவம், அதுவாவது இருக்கட்டும்” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இது இரக்கம்போலத் தோன்றும் அநீதி. புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைவதையே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு: குளோசபின், ஓலான்சபின் ஆகிய மாத்திரைகளை உட்கொள்பவர் திடீரென்று புகையை நிறுத்தினால், இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடும். நாள் குறிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, மருந்தளவைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

புலம்பெயர்ந்து வந்த வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அதே உதவி எண்ணில் இந்தியில் பேச முடியும். அவர்களோடு தங்கியிருக்கும் ஒருவரையே முதலில் விடச் செய்தால், அறையில் இருக்கும் மற்றவர்களை அணுகுவது எளிது. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கங்களில் பீடி சுற்றும் பெண்களின் வீடுகளுக்குப் போகும்போது நாக்கை அடக்கிப் பேசுங்கள். அந்த வீட்டின் அரிசி அந்த முறத்திலிருந்து வருகிறது. கணவரின் புகைப்பழக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். மனைவியின் தொழிலைக் குற்றம் சொல்லிவிட்டு அந்தத் தெருவில் இரண்டாம் முறை நுழைய முடியாது.

கணக்கு வைத்தல்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆளுக்கு ஒரு பக்கம். முதல் பீடி எப்போது, நாளுக்கு எத்தனை, குறித்த நாள், கொடுத்த மருந்து, பேசிய தேதிகள், நான்காம் வார நிலை ஆகியவற்றை எழுதுங்கள். நான்காம் வாரத்தில் “விட்டுட்டேன்” என்று சொல்வதை மட்டும் எழுதாமல், கடந்த 14 நாளில் ஓர் இழுப்பாவது உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால்தான் விட்டவர் என்று கணக்கு. மூச்சை ஊதச் சொல்லிக் கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவி மையத்தில் இருந்தால் அதையும் பாருங்கள். கருவி காட்டும் எண் பத்துக்குக் கீழே இறங்கியதைத் தன் கண்ணால் பார்ப்பவருக்கு, அது ஒரு சான்றிதழைவிட மதிப்பானது. தொடர்பு கிடைக்காமல் போனவர்களைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டால் வெற்றி விகிதம் அழகாகத் தெரியும், அப்படிச் செய்யாதீர்கள். வேறு ஊருக்கு வேலைக்குப் போனவர், எண்ணை மாற்றியவர், அழைப்பை எடுக்காதவர் ஆகிய எல்லோரையும் இன்னும் புகைப்பவர்களாகவே எழுதிக்கொண்டு, அடுத்த முறை அந்தச் சந்திப்புக்குப் போகும்போது அவர்களை முதலில் தேடுங்கள்.